பெங்களூரைச் சுற்றிய நிலத்தில் மாட்டு வேலி: கல்தூண், முள்கம்பி, கணக்கு

ஆனேக்கல், ஹொசகோட்டே, மாகடி, தொட்டபள்ளாபுரம் என எந்தப் பக்கம் போனாலும் தொய்ந்து கிடக்கும் முள்கம்பி வேலி கண்ணில் படும். கிட்டப் போய்ப் பார்த்தால் முள்கம்பி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மூலைக்கல் உள்பக்கம் சாய்ந்திருக்கும், இல்லையென்றால் கம்பியைக் கல்லோடு பிணைத்த கட்டுக்கம்பி துருவேறி அறுந்திருக்கும். பணம் போவது கல்லுக்கும் கம்பிக்கும். வேலி எத்தனை வருஷம் நிற்கும் என்பது மூலையிலும் கட்டிலும் இருக்கிறது.

அளக்காமல் குழி தோண்டாதீர்கள்

கர்நாடக அரசின் நில அளவைச் சேவையான மோஜினியில் ஹத்துபஸ்து (எல்லை காட்டும்) அளவைக்கு விண்ணப்பித்து, சர்வேயர் அக்கம்பக்கத்து நிலக்காரர்களுக்கு நோட்டீஸ் கொடுத்து எல்லையைக் காட்டிய பிறகே கயிறு பிடியுங்கள். பஹணியில் (நிலப் பதிவேட்டில்) ‘பி கராப்’, அதாவது பொது உபயோக நிலம் என்று கழித்த பகுதி, கிராம வரைபடத்தில் உள்ள வண்டிப்பாதை, ராஜகாலுவை (பெரிய மழைநீர்க் கால்வாய்) ஆகியவற்றின் மேல் வேலி போகக்கூடாது. போட்டால் என்றைக்காவது பிடுங்க வேண்டிவரும், அதுவும் நம் செலவில்.

ஒரு ஏக்கருக்கு என்ன வேண்டும்

சதுரமான ஒரு ஏக்கரின் ஒரு பக்கம் ஏறத்தாழ 209 அடி, சுற்றளவு 836 அடி. அதே ஒரு ஏக்கர் 100 அடி அகலத்தில் நீண்டு கிடந்தால் சுற்றளவு 1,070 அடியைத் தாண்டும். அதனால் ஏக்கர் கணக்கில் கொட்டேஷன் கொடுப்பவரிடம் அடிக் கணக்கில் கேளுங்கள்.

சதுர ஏக்கருக்கு, 12 அடி கேட் ஒன்று விட்டு, 8 அடிக்கு ஒரு கல் வைத்தால் சுமார் 104 கல் வரும். இதில் நான்கு மூலை, கேட்டின் இரு பக்கம், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் கம்பியை இழுத்துக் கட்ட ஓர் இழுவைக்கல் என 10 கல் மட்டும் 8 அடி நீளம். மற்ற 94 கல் 7 அடி. சாய்வாக நின்று தாங்கும் முட்டுக்கல் மூலைக்கு இரண்டு, நடு இழுவைக்கல்லுக்கு இரண்டு, கேட் கல்லுக்கு ஒன்று: மொத்தம் 18, இவையும் 7 அடி.

பசு, கன்றுக்கு ஐந்து வரிசை முள்கம்பி. 12-க்கு 12 கேஜ் (இழையும் முள்ளும் 12 கேஜ்) கம்பி கிலோவுக்குச் சுமார் 33 அடி வரும். சேதாரம் சேர்த்து 135 கிலோ வாங்கலாம். கடையில் 14 கேஜைப் 12 என்று தள்ளிவிடுவதுண்டு. 10 அடி வெட்டித் தராசில் வையுங்கள்: 280 முதல் 300 கிராம் இருந்தால் சரி, 200 கிராமுக்குக் கீழே போனால் அது 14. முள்கம்பிக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 278 முத்திரை உள்ளதா என்றும் பாருங்கள்.

கட்டுவதற்கு 14 கேஜ் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) கம்பி 10 கிலோ. சென்ட்ரிங் வேலைக்குக் கம்பி கட்டும் கருப்புக் கட்டுக்கம்பி வேண்டவே வேண்டாம். மேஸ்திரி கையில் மிச்சம் இருக்கிறதென்று அதையே கட்டிவிட்டுப் போவார். துத்தநாகப் பூச்சு இல்லாத கம்பி அது, சில மழைக்காலத்திலேயே அறுந்துவிடும்.

கல் எடுக்கும்போது

தேவனஹள்ளிப் பக்கத்துச் சாதரஹள்ளிக் கல் போன்ற சாம்பல் கிரானைட் இங்கே தாராளமாகக் கிடைப்பதால் சிமென்ட் தூணைவிடக் கல்தூணே நல்லது என்பது எங்கள் கருத்து. துருப்பிடிக்க உள்ளே கம்பி இல்லை. ஒவ்வொரு கல்லையும் சுத்தியலால் தட்டுங்கள்: கணீரென்று ஒலித்தால் எடுங்கள், ‘தொப்’பென்றால் உள்ளே வெடிப்பு. 6-க்கு 6 அங்குலம், 7 அடிக் கல் 130 கிலோ வரை இருக்கும். இரண்டு பேர் மட்டும் தூக்கக்கூடாது. கம்பி வரும் உயரங்களில் விளிம்பை லேசாகக் கொத்திக் காடி எடுத்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கட்டு நாளடைவில் கீழே வழுக்கும். ஆழமாகக் கொத்தினால் கல் அந்த இடத்திலேயே முறியும்.

மூலை

8 அடிக் கல்லை 3 அடி புதைத்தால் மேலே 5 அடி நிற்கும். குழி ஒன்றரை அடிச் சதுரம். 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவை, ஒரு மூலைக்கு ஏறத்தாழ ஒரு மூட்டை சிமென்ட். வரிசைக் கல்லுக்கு 2 அடிக் குழி; கெட்டியான செம்மண்ணில் மண்ணையும் உடைகல்லையும் அரையடி அரையடியாகப் போட்டுக் கடப்பாரையால் இடித்தாலே போதும். ஏரிப் பக்கத்துக் களிமண்ணில் அது நிற்காது. அங்கே எல்லாவற்றுக்கும் கான்கிரீட், நான்கு கல்லுக்கு ஒரு மூட்டை.

முட்டுக்கல் வேலி போகும் திசையிலேயே சாய வேண்டும், சுமார் 45 டிகிரி. தலை தரையிலிருந்து மூன்றரை, நான்கு அடி உயரத்தில் மூலைக்கல்லைத் தொட வேண்டும். முட்டின் அடியில் பலகைக்கல் ஒன்று வையுங்கள். இடமில்லை என்று செங்குத்தாக நிறுத்தினால் கம்பி இழுக்கும் விசையில் முட்டு ஜாக்கி மாதிரி வேலை செய்து மூலைக்கல்லை மேலே தூக்கிவிடும். முட்டே வைக்காத மூலை எவ்வளவு சிமென்ட் போட்டாலும் சாயும், ஏனென்றால் ஐந்து கம்பிகள் இரண்டு திசையில் இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன.

கான்கிரீட் போட்டுக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் ஊற்றுங்கள். முடிந்தால் மூன்று வாரம் விட்டுக் கம்பி இழுங்கள்.

கம்பி இழுப்பது

கம்பி கல்லின் உள்பக்கம், அதாவது மாடு நிற்கும் பக்கம் வர வேண்டும். மாடு உரசிச் சாயும்போது பாரம் கல்லின் மேல் விழும். வெளிப்பக்கம் கட்டினால் ஒவ்வொரு உரசலும் கட்டைப் பிய்க்கும்.

உயரம் தரையிலிருந்து 12, 22, 32, 43, 55 அங்குலம். கீழ்க்கம்பியில் தொடங்கி மேலே போங்கள். மேலே கட்டிவிட்டுக் கீழே குனிந்தால் முதுகு கிழியும். ஒரு மூலையில் இரண்டு சுற்று சுற்றி முறுக்கி, மறுமுனையில் கை ராட்செட்டால் இழுங்கள். டிராக்டரில் கட்டி இழுப்பது இங்கே சகஜம். எவ்வளவு இழுக்கிறோம் என்பது டிரைவருக்குத் தெரியாது, அறுந்தால் முள்கம்பி சாட்டையாகத் திரும்பி வரும். தோல் கையுறையும் கண்ணாடியும் போட்டு, கம்பிக்கும் நமக்கும் நடுவில் கல் இருக்கும்படி நில்லுங்கள்.

கட்டுக்கு இரண்டரை அடித் துண்டு வெட்டுங்கள். 6 அங்குலக் கல்லின் சுற்றளவு 2 அடி, மீதி முறுக்க. துண்டின் ஒரு முனையை முள்கம்பியின் மேல் ஒரு சுற்று சுற்றி, கல்லின் பின்னால் காடி வழியாகக் கொண்டுவந்து, கம்பியின் அடியில் நுழைத்து, கொறடால் நான்கு ஐந்து முறுக்கு. முறுக்கின் அடி வெள்ளையாக உரிந்தால் பூச்சு போய்விட்டது, துரு அங்கேதான் தொடங்கும். முனையைக் கல் பக்கம் மடக்கிவிடுங்கள்.

கேட் கல்லுக்குக் கேட்டின் பாரமே போதும். வேலியின் இழுவை முழுவதும் அதன்மேல் விழாமல் முட்டு தாங்க வேண்டும். முட்டில்லாவிட்டால் ஒரு வருஷத்துக்குள் கேட் பூட்டு பொருந்தாது.

இடி

இதை அநேகமாக யாரும் செய்வதில்லை. கல்தூணில் கட்டிய கம்பிக்குத் தரையோடு தொடர்பே கிடையாது. ஏப்ரல், மே மழையில் வேலியின் ஒரு முனையில் இடி விழுந்தால் மின்சாரம் கம்பி வழியே ஓடி, அதில் சாய்ந்து நிற்கும் மாட்டின் உடல் வழியாகத் தரையில் இறங்கும். சுமார் 150 அடிக்கு ஒன்றாக 5 அடி ஜி.ஐ. கம்பத்தை மண்ணில் அடித்து, ஐந்து கம்பிகளையும் ஒரே ஜி.ஐ. கம்பியால் அதோடு இணையுங்கள். சதுர ஏக்கருக்கு ஆறு போதும். தண்ணீர்த் தொட்டியையும் தீவனத் தொட்டியையும் வேலியை ஒட்டி வைக்காதீர்கள்.

வேலியில் வீட்டு மின்சாரத்தை நேரடியாகப் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம், ஆளையும் கொல்லும். மின்வேலி வேண்டுமானால் விட்டுவிட்டுத் துடிப்பு அனுப்பும் சோலார் எனர்ஜைசர் தனிச் சமாச்சாரம். அதற்குக் கம்பியும் இன்சுலேட்டரும் வேறு, முள்கம்பியில் அதை இணைக்கவே கூடாது.

ஆடு வைத்திருந்தால்

முள்கம்பி ஆட்டை நிறுத்தாது, காதையும் மடியையும் கிழிக்கும். 3 அங்குலக் கண்ணுள்ள செயின்லிங்க், 10 கேஜ், 4 அடி உயரம். மேலே ஒரு வரிசை முள்கம்பி. வலையின் மேலும் கீழும் தடித்த ஜி.ஐ. கம்பி கோத்து இழுத்தால்தான் அடி தூக்காது. 6 அங்குலக் கண் வலையில் கொம்புள்ள ஆடு தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, சாய்ந்த முட்டுக்கல் ஆட்டுக்கு நல்ல ஏணி. அதன்மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்துவிடும். முட்டின் மேல் முள்கிளையைக் கட்டிவையுங்கள்.

பன்னேர்கட்டா, கனகபுரா ஓரம் என்றால் இந்த வேலி சிறுத்தையையோ யானையையோ தடுக்கும் என்று நம்ப வேண்டாம். இரவில் ஆடு, கன்றுகளுக்கு மேலேயும் கம்பி வலை போட்ட கொட்டகைதான் காப்பு.

பிறகு

முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒரு சுற்று நடந்து, அமுங்கிய குழிகளில் மண் நிரப்பி இடித்து, தளர்ந்த கம்பியை மறுபடி இழுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை உண்ணிச்செடியையும் கொடிகளையும் வெட்டுங்கள். அவை கம்பியை ஈரமாகவே வைத்திருக்கும், பாரமும் ஏற்றும். அறுந்த கட்டுக்குப் பதிலாகப் பக்கத்தில் கிடக்கும் சணலைக் கட்டிவிட்டு வராமல், இடுப்பில் கொறடும் பத்துத் துண்டு ஜி.ஐ. கம்பியும் வைத்துக்கொண்டே நடங்கள்.