ஆள்நாளும் மரக்கணக்கும்: தொடர்புப்போக்கில் பரவற்படி எங்கே பெருகுகிறது என்று கண்டறியும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) இன்னும் வெட்டப்படும், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கப்படும் ஒரு தோட்டத்தின் பேரேட்டை வாங்கி, மாத விளைச்சலை நேரியல் தொடர்புப்போக்கால் (linear regression) விளக்க முனையும் பட்டப்படிப்பு மாணவரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. அத்தகைய பேரேட்டில் மாதத்துக்கு ஒரு வரி இருக்கும். வேலைக்கு வந்த வெட்டுக்காரர்களின் மொத்த ஆள்நாள் (ஓர் ஆள் ஒரு நாள் செய்த வேலை ஓர் ஆள்நாள்), வெட்டப்பட்ட மரங்களின் எண்ணிக்கை, காலை மழையால் வெட்டு நின்ற நாள்கள், கடைசியில் காய்ந்த ரப்பரின் எடை என்று கிராணியார் (தோட்ட எழுத்தர்) எழுதிவைத்திருப்பார். ஐந்து ஆண்டுக்கு 60 வரிகள் கிடைக்கும்.

இவற்றை அப்படியே கணினியில் ஏற்றினால் கணிப்பு நன்றாகவே பொருந்தும். ஆனால் ஆள்நாளின் கெழு (சமன்பாட்டில் அதைப் பெருக்கும் எண்) மிகப் பெரிதாகவும் மரங்களின் கெழு எதிர்மறையாகவும் வரக்கூடும். இரண்டு மாதங்களை நீக்கிவிட்டு மீண்டும் போட்டால் குறிகள் இடம் மாறிவிடவும் கூடும். மரம் கூடினால் பால் குறையும் என்று எந்தத் தோட்டத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொரு வெட்டுக்காரருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் மரங்கள் ஒதுக்கப்படுவதால் ஆள்நாளும் மரக்கணக்கும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. எதன் பயன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் செய்தி பேரேட்டில் மிகக் குறைவாகவே இருக்கிறது. அந்தக் குறைவை எண்ணாக அளந்து காட்டுவதற்குச் சிங்குலர் மதிப்புப் பிரிப்பைவிடத் (singular value decomposition) தெளிவான கருவி இல்லை என்பது என் கருத்து.

முதலில் ஒவ்வொரு நிரலிலிருந்தும் (ஒரு மாறிக்குரிய எண்களின் செங்குத்து வரிசை) அதன் சராசரியைக் கழித்து, நிரலின் வர்க்கக் கூட்டுத்தொகை 1 ஆகும்படி வகுத்துக்கொள்ள வேண்டும். ஆள்நாள் ஆயிரங்களிலும் மரங்கள் இலட்சங்களிலும் இருக்கும்போது இதைச் செய்யாமல் விட்டால், சிங்குலர் மதிப்புகள் தோட்டத்தைப் பற்றிப் பேசாமல் அலகுகளைப் பற்றியே பேசும்.

அடுத்து, மாதங்களை நிரைகளாகவும் மாறிகளை நிரல்களாகவும் கொண்ட எண் அட்டவணையான தரவு அணியை மூன்று அணிகளின் பெருக்கமாகப் பிரிக்கிறோம். இடப்புற அணியின் நிரைகள் மாதங்களுக்கு உரியவை. நடுவில் சிங்குலர் மதிப்புகளை இறங்குவரிசையில் தாங்கிய மூலைவிட்ட அணி நிற்கிறது. வலப்புற அணியின் நிரல்கள், மாறிகள் எந்தச் சேர்க்கையில் ஒன்றாக அசைகின்றன என்பதைக் காட்டும் திசைகளாகும். கணிதவியலாளர்களான பெல்த்ராமி 1873-இலும் ஜோர்டான் 1874-இலும் கண்டறிந்த இந்தப் பிரிப்பைக் கணினியில் நம்பகமாகச் செய்யும் வழியைக் கோலபும் ரைன்ஷும் 1970-இல் வெளியிட்டார்கள். புள்ளியியலுக்கான ஆர் (R) மொழி வலப்புற அணியை அப்படியே தருகிறது. பைதான் மொழியின் நம்பை (NumPy) தொகுப்பு அதை நிரை நிரல் மாற்றித் தருகிறது. இதைக் கவனிக்காமல் படித்தால் திசைகள் அனைத்தும் தவறாகிவிடும்.

இப்போது மையமான வாய்பாட்டுக்கு வருவோம். ஒரு கெழுவின் பரவற்படியை, அதாவது அதன் மதிப்பீடு எவ்வளவு ஆடக்கூடும் என்பதன் அளவைப் (variance) பெற, ஒவ்வொரு திசையிலும் அந்த மாறிக்குரிய உறுப்பின் வர்க்கத்தை அத்திசையின் சிங்குலர் மதிப்பின் வர்க்கத்தால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டி, பிழையின் பரவற்படியால் பெருக்க வேண்டும். பிழையின் பரவற்படியை எச்சங்களின் (உண்மை விளைச்சலுக்கும் கணித்த விளைச்சலுக்கும் உள்ள வேறுபாடுகளின்) வர்க்கக் கூட்டுத்தொகையிலிருந்து மதிப்பிடுகிறோம்; 60 மாதங்களும் மூன்று மாறிகளும் இருந்தால், சராசரியையும் கணக்கில் சேர்த்து, வகுக்கும் எண் 56 ஆகும்.

மழை நாளைச் சற்று ஒதுக்கிவிட்டு, ஆள்நாளுக்கும் மரங்களுக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு (correlation) 0.98 என்று வைத்துக்கொள்வோம். சிங்குலர் மதிப்புகளின் வர்க்கங்கள் 1.98, 0.02 ஆகும். முதல் திசையில் இரண்டு மாறிகளுக்கும் 0.707, இரண்டாம் திசையில் ஒன்றுக்கு 0.707, மற்றதற்கு எதிர்மறை 0.707. ஒரு கெழுவின் பரவற்படியில் முதல் திசையின் பங்கு 0.5-ஐ 1.98-ஆல் வகுத்த 0.25, இரண்டாம் திசையின் பங்கு 0.5-ஐ 0.02-ஆல் வகுத்த 25. மொத்தம், பிழையின் பரவற்படியைப்போல் 25.25 மடங்கு. இதில் 99 விழுக்காடு அந்த ஒரே ஒரு சிறிய திசையிலிருந்து வருகிறது.

இதே எண்களை இன்னொரு வகையிலும் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். இரு கெழுக்களின் கூட்டுத்தொகைக்குரிய பரவற்படி 1.01 மடங்குதான், அவற்றின் வித்தியாசத்துக்குரியது 100 மடங்கு. அதாவது, ஆளும் மரமும் வழக்கமான விகிதத்தில் சேர்ந்து கூடினால் விளைச்சல் எவ்வளவு உயரும் என்ற கேள்விக்கு இந்தப் பேரேடு உறுதியான விடை தருகிறது. மரங்களை மாற்றாமல் ஆளை மட்டும் கூட்டினால் என்னவாகும் என்ற கேள்விக்கு ஏறக்குறைய ஒன்றுமே சொல்வதில்லை. எனவே, விகிதம் மாறாத அடுத்த மாதத்துக்கு விளைச்சலைக் கணிப்பதற்கு இந்தச் சமன்பாட்டைத் தயங்காமல் பயன்படுத்தலாம். வேலைப் பங்கீட்டையே மாற்றப்போகும் நிர்வாகிக்கு இதைக் கொடுப்பதுதான் ஆபத்து.

பெல்ஸ்லி, கூ, வெல்ஷ் ஆகிய மூவரும் 1980-இல் முன்வைத்த எல்லை எண்ணான 30-ஐப் பலர் மனப்பாடமாகச் சொல்கிறார்கள்: மிகப் பெரிய சிங்குலர் மதிப்பை மிகச் சிறியதால் வகுத்து வரும் எண் அதைத் தாண்டினால் எச்சரிக்கை. நம் எடுத்துக்காட்டில் அந்த எண் 9.95 மட்டுமே, ஆயினும் பரவற்படி 25 மடங்கைத் தாண்டிவிட்டது. அவர்கள் சராசரியைக் கழிக்காமல் அளந்தார்கள் என்பதால் இரண்டு எண்களையும் நேரடியாக ஒப்பிடவும் முடியாது. எல்லை எண்ணைவிட, ஒவ்வொரு கெழுவின் பரவற்படியிலும் ஒவ்வொரு திசைக்கும் எத்தனை விழுக்காடு என்ற அட்டவணையே பயனுள்ளது. ஒரே சிறிய திசை இரண்டு கெழுக்களிலும் பாதிக்கு மேல் பிடித்திருந்தால் அவை இரண்டும் பின்னிக்கிடக்கின்றன என்று கொள்ளலாம்.

இடப்புற அணியின் கடைசி நிரலைப் பார்க்காமல் விடக்கூடாது, பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். சிறிய திசையில் எந்த மாதம் பெரிய எண்ணைப் பெற்றிருக்கிறதோ அந்த மாதமே வித்தியாசத்தைத் தீர்மானிக்கிறது. ஒன்றிரண்டு மாதங்களே துருத்திக்கொண்டு நின்றால், பேரேட்டைத் திறந்து அந்த வரிகளைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஆள் பற்றாக்குறையால் ஒருவருக்குக் கூடுதல் மரம் கொடுத்த மாதமாக இருந்தால் அது அருமையான தரவு; எழுத்துப்பிழையாக இருந்தால் கெழுக்கள் இரண்டும் அந்தப் பிழையின்மேல் நிற்கின்றன.

மாற்றுவழியாக, ஹோர்லும் கென்னர்டும் 1970-இல் விளக்கிய, கெழுக்களை வேண்டுமென்றே சுருக்கும் ரிட்ஜ் (ridge) முறையைக் கையாளலாம். அதில் சிங்குலர் மதிப்புகளின் வர்க்கங்களோடு 0.02 என்ற சிறு எண்ணைச் சேர்த்தால் பெரிய திசையின் மதிப்பீடு 0.99 பங்காகவும் சிறிய திசையின் மதிப்பீடு பாதியாகவும் சுருங்கும். சிறிய திசையின் பரவற்படி நான்கில் ஒன்றாகிவிடும். ஆனால் வித்தியாசத்தைப் பாதியாக்கியது நாம்தானே ஒழியத் தோட்டம் அன்று. அந்தச் சாய்வை (bias) அறிக்கையில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

உண்மையான தீர்வு அந்தச் சிறிய திசையிலேயே புதிய தரவைச் சேர்ப்பதாகும். ஒருவருக்கு ஒதுக்கும் மரங்களைத் தோட்டத்தின் ஒரு பகுதியில் சில மாதங்களுக்குக் குறைத்தும் வேறு சில மாதங்களுக்குக் கூட்டியும் கொடுக்க நிர்வாகி இசைந்தால், ஒட்டுறவு 0.98-லிருந்து 0.90-க்கு இறங்கினாலே வித்தியாசத்தின் பரவற்படி, தரமாக்கிய அளவில், 100 மடங்கிலிருந்து 20 மடங்காகக் குறையும். மரங்கள் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால் தானாகவே குறைவதால் இந்தச் சோதனையை அப்போது வைக்கக்கூடாது. ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு எத்தனை மரம் என்பதைப் பேரேட்டில் தனி நிரலாக எழுதிவைக்கும்படி கிராணியாரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.