மது சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பியவரைக் கவனித்துக்கொள்வது எப்படி?

மறுவாழ்வு மையத்திலோ அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ சிகிச்சை முடிந்து வருபவருக்குக் கைநடுக்கமும் வியர்வையும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். தூக்கமும் மனநிலையும் சீராவதற்கு இன்னும் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். இதை வீட்டார் முன்கூட்டியே அறிந்திருந்தால், "குணமாகித்தானே வந்தார், இன்னும் ஏன் எரிந்து விழுகிறார்?" என்ற மனத்தாங்கல் பாதி குறைந்துவிடும்.

முதல் கவனம் மாத்திரைகளில் இருக்கட்டும். நீண்ட காலம் குடித்தவர்களின் உடலில் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 குறைந்திருக்கும் என்பதால், சத்து மாத்திரைதானே என்று அதை இடையில் நிறுத்திவிடக் கூடாது. நடை தள்ளாடுவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, பேச்சில் குழப்பம் ஆகியவை அந்தக் குறைபாடு மூளையைத் தாக்குவதன் அடையாளமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பதற்றம் தணியக் கொடுத்த குளோர்டயாசெபாக்சைடு போன்ற மாத்திரைகளை மருத்துவர் சொன்ன அளவில் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். தூக்கம் வரவில்லை என்று பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மீண்டும் வாங்கினால், அதுவே அடுத்த பழக்கமாகிவிடும்.

மீண்டும் குடிக்காமல் தடுக்கக் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை உட்கொள்பவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் சரியும். இதயநோய் உள்ளவருக்கு உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரங்கள் வரை இந்த ஆபத்து உண்டு. ஆகவே, அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கச் சொல்லும் அறிவுரை, அது யாரிடமிருந்து வந்தாலும், ஏற்கத் தக்கதல்ல. தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களிலும் சில இருமல் மருந்துகளிலும் ஆல்கஹால் இருப்பதால், அவற்றையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

உணவில் பெரிய விதிகள் இல்லை: பருப்பு, முட்டை, கீரை, பழம் ஆகியவற்றுடன் மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட்டால் போதும். இனிப்பின் மீது திடீர் ஆசை வருவது இயல்பு. சர்க்கரை நோய் இல்லாவிட்டால் சிறிது காலம் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உண்மையான சோதனை மாலையில்தான் வரும். வேலை முடிந்து, பசியும் களைப்புமாக, டாஸ்மாக் இருக்கும் தெரு வழியாகத் திரும்பும் அந்த நேரத்தைக் காலியாக விடக் கூடாது. வேறு வழியில் வீடு வரச் சொல்லுங்கள். வந்ததும் சுண்டலோ இட்லியோ வயிற்றுக்குள் போகட்டும். பிறகு குளியல், பிள்ளைகளின் பாடம், நடை, அல்லது குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் என ஏதாவது ஒன்று தினமும் அதே நேரத்துக்கு இருக்கட்டும். குடிக்கும் வேட்கை எழுந்தால் அது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும், அதுவரை தனியாக இல்லாமல் யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பதே நல்ல உத்தி. கட்டட வேலைக்குச் செல்பவருக்குச் சனிக்கிழமைக் கூலி கைக்கு வரும் மாலை மிகக் கடினமானது. அந்தப் பணத்தை என்ன செய்வது என்பதை இருவரும் வெள்ளிக்கிழமையே பேசி முடிவு செய்துவிடலாம்.

கதவைத் திறந்ததும் "வாயை ஊது" என்று சொல்வதும் சட்டைப் பையைத் துழாவுவதும் புரிந்துகொள்ளக்கூடிய பயங்கள்தாம். ஆயினும் தினமும் அப்படிச் செய்தால், குடிக்காமல் வந்தவரும் குற்றவாளியாகவே நிற்பார். சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள். உறவினர் வீட்டு விசேஷங்களில் "ஒரே ஒரு கட்டிங்" என்று வற்புறுத்துபவர்களை விலக்கும் வேலையை வேண்டுமானால் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். வீட்டாரின் மனச்சுமைக்கு, குடிப்பவர்களின் குடும்பத்தினர் கூடிப் பேசும் அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மீண்டும் குடித்துவிட்டால், திட்டுவதைத் தள்ளி வைத்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். இடைவெளியில் உடலின் தாங்குதிறன் குறைந்திருப்பதால் பழைய அளவே இப்போது ஆபத்தாகலாம். தொடர்ந்து பல நாட்கள் குடித்திருந்தால், வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்தச் செய்யாதீர்கள்: முதல் இரண்டு நாட்களில் வலிப்பும், இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதும் வரக்கூடும். அவற்றில் எது தென்பட்டாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.