பக்கவாதத்துக்குப் பிறகு மூளை மீளும் காலம்: நாம் தெரியாமல் செய்யும் தவறுகள்

பக்கவாதம் வந்தவரின் குடும்பத்தில் எல்லோர் மனதிலும் ஓடுவது ஒரே கேள்விதான்: "பழையபடி ஆகிவிடுவாரா?" முதல் நாளிலேயே இதற்கு உறுதியான பதில் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று இருக்கிறது. மூளை தன்னைச் சீர்செய்துகொள்ள முயலும்போது நாம் அதற்கு உதவுகிறோமா, இல்லை குறுக்கே நிற்கிறோமா? இந்தத் தவறுகளில் பெரும்பாலானவை அலட்சியத்தால் வருவதில்லை. பாசத்தாலும் பயத்தாலும்தான் வருகின்றன. அதனால்தான் அவற்றைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

உள்ளே நடப்பது என்ன?

மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் வருகிறது. நூற்றில் சுமார் 85 பேருக்கு அடைப்புதான் காரணம். பெரிய குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால், சிகிச்சை இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நியூரான்கள் (மூளையின் நரம்பு செல்கள்) அழிகின்றன என்று 2006-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அழிந்த நியூரான்கள் திரும்ப வருவதில்லை.

அப்படியானால் அசையாமல் கிடந்த கை மூன்றாவது வாரம் எப்படி அசைகிறது? ஒன்று, பாதிப்பைச் சுற்றியிருந்த வீக்கம் வடிகிறது. சாகாமல் மயங்கிக் கிடந்த செல்கள் வேலைக்குத் திரும்புகின்றன. இரண்டு, பாதிக்கப்பட்ட இடத்தோடு தொடர்பு அறுந்ததால் செயலிழந்திருந்த தொலைவுப் பகுதிகள் மெல்ல விழித்துக்கொள்கின்றன. கான்ஸ்டன்டின் ஃபான் மொனாகோவ் என்ற நரம்பியல் அறிஞர் 1914-இலேயே இதை விளக்கி, 'டயாஸ்கிசிஸ்' என்று பெயர் வைத்தார். மூன்றாவது வேலைதான் நம் கையில் இருப்பது. பிழைத்த நியூரான்கள் புதுக் கிளைகள் விட்டுப் புது இணைப்புகளைப் போடுகின்றன. இதுவரை அதிகம் பயன்படாமல் இருந்த பழைய இணைப்புகளும் வலுப்பெறுகின்றன. எந்த இணைப்பு நிலைக்கும், எது தேய்ந்து போகும் என்பதைப் பெருமளவு முடிவு செய்வது பயன்பாடு.

"முதலில் மூளை ஆறட்டும், பயிற்சியை அப்புறம் பார்க்கலாம்"

கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரியும். எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டு, சேரும்வரை ஆட்டாமல் வைப்போம் அல்லவா? மூளை அப்படி ஆறுவதில்லை. 1996-இல் ராண்டல்ஃப் நூடோவும் அவருடைய குழுவினரும் அணில் குரங்குகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். கையை இயக்கும் மூளைப் பகுதியில் சிறிய பாதிப்பை உண்டாக்கி, அதே கையால் சின்னக் குழிகளிலிருந்து உணவை எடுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற குரங்குகளில், பாதிப்பை ஒட்டியிருந்த கைக்கான பகுதி காப்பாற்றப்பட்டது. சிலவற்றில் அது முழங்கை, தோளுக்கான பகுதிக்குள்ளும் பரவியது. பயிற்சி இல்லாத குரங்குகளிலோ, பாதிக்கப்படாமல் இருந்த பக்கத்துப் பகுதியும் கைக்கான வேலையை இழந்தது. சும்மா இருந்தால் மூளை அதே நிலையில் காத்திருக்கும் என்று நினைக்கக் கூடாது. இருப்பதும் போகும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே நோயாளியை எழுப்பி, நீண்ட நேரம் உட்காரவைத்து, நடக்கவைத்துவிட வேண்டும் என்று துடிப்பது. ஐந்து நாடுகளில் 2104 பேரை வைத்து நடந்த 'அவெர்ட்' ஆய்வு 2015-இல் வெளியானது. மிகச் சீக்கிரமாகவும் மிக அதிகமாகவும் எழுப்பப்பட்டவர்கள், மூன்று மாதம் கழித்து மற்றவர்களைவிடச் சற்று மோசமான நிலையில் இருந்தார்கள். அந்த ஆய்வின் தகவல்களை மேலும் அலசியபோது, குறைந்த நேரம், ஆனால் அடிக்கடி எழுந்தவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது. ஆகவே முதல் நாள் எவ்வளவு அசையலாம் என்பதை மருத்துவக் குழுவிடம் விட்டுவிடுங்கள். அதற்கடுத்த நாட்களையும் வாரங்களையும் வீணாக்காமல் இருப்பதுதான் உங்கள் வேலை.

எல்லாவற்றையும் நாமே செய்து கொடுப்பது

என் பார்வையில் வீடுகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு இதுதான். சட்டைப் பொத்தானைப் போட அவருக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. பார்க்கவே பாவமாக இருக்கிறது. நாம் போட்டுவிடுகிறோம். டம்ளரை நாமே வாயில் வைக்கிறோம், தலை வாரிவிடுகிறோம். அவரும் நல்ல கையாலேயே எல்லாவற்றையும் சமாளிக்கப் பழகுகிறார். சில வாரங்களில் பாதிக்கப்பட்ட கை மடியில் கிடக்கும் ஒரு பொருளாகிவிடுகிறது.

எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைக் 'கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை' என்று அழைத்தார். ஒரு கையின் உணர்வு நரம்புகள் துண்டிக்கப்பட்ட குரங்குகள் அந்தக் கையைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டன. இத்தனைக்கும் கையை அசைக்கும் நரம்புகள் நன்றாகத்தான் இருந்தன. நல்ல கையைக் கட்டி வைத்ததும், கைவிடப்பட்ட கை வேலை செய்யத் தொடங்கியது. ஆரம்பத்தில் முயன்று முயன்று தோற்றதால், 'இது உதவாது' என்று மூளை கற்றுக்கொண்டுவிட்டது என்பது அவருடைய விளக்கம்.

இதிலிருந்து பிறந்த சிகிச்சையில் நல்ல கைக்கு ஓர் உறை மாட்டி, பாதிக்கப்பட்ட கையால் தீவிரப் பயிற்சி கொடுக்கிறார்கள். 2006-இல் வெளியான 'எக்சைட்' ஆய்வில் 222 பேர் பங்கேற்றார்கள். அவர்களுக்குப் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆகியிருந்தன. விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறையோடு இருக்க வேண்டும் என்ற இலக்கோடு இரண்டு வாரப் பயிற்சி. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட இவர்களின் கை தெளிவாகத் தேறியது, ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் தெரிந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது தாமாக நிமிர்த்த முடிந்தவர்களுக்குத்தான் இது பொருந்தும். வீட்டில் நாமாக நல்ல கையைக் கட்டிவிடக் கூடாது, விழுந்துவிட்டால் ஊன்றிக்கொள்ள அந்தக் கைதான் இருக்கிறது.

அன்றாடத்தில் செய்யக்கூடியது எளிது. அவரால் முடிந்த பங்கை அவரிடமே விடுங்கள். பொத்தான் போட முடியாவிட்டால், அந்தக் கை சட்டையைப் பிடித்துக்கொள்ளட்டும். தாளை அழுத்திப் பிடிக்கட்டும், கதவைத் தள்ளட்டும். நேரம் ஆகும் என்று தெரிந்தால் அரை மணி நேரம் முன்பே கிளம்பத் தொடங்குங்கள். அவசரம்தான் நம்மை அந்தப் பொத்தானை நோக்கி இழுக்கிறது.

பந்து, மசாஜ், கையைப் பிடித்து இழுப்பது

கை பலவீனம் என்றால் உடனே ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து "அமுக்கு, அமுக்கு" என்பது வழக்கம். பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு விரல்கள் மடங்கி இறுகிப் போகின்றன. அவர்களுக்கு மூடுவது எளிது, விரிப்பதுதான் கடினம். ஏற்கெனவே இறுகிய விரல்களை மேலும் மூடப் பழக்குவதால் என்ன பயன்? பொருளைப் பிடிப்பதோடு, விட்டுவிடவும் பழக வேண்டும். எந்தக் கைக்கு எது சரி என்பதைப் பிசியோதெரபிஸ்ட் அல்லது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர்) பார்த்துச் சொல்வதுதான் சரி.

மசாஜ் இதமாக இருக்கும். வேறொருவர் மூட்டுகளை மெல்ல அசைத்துவிட்டால் இறுக்கம் கொஞ்சம் குறையலாம். இவற்றையே பயிற்சியாக எண்ணிவிடக் கூடாது. மூளைக்குப் பாடம் போவது, அவரே முயன்று அசைக்கும்போதுதான். அசைவு வராவிட்டாலும் அந்த முயற்சிக்கு மதிப்பு உண்டு.

படுக்கையிலிருந்து எழுப்பும்போது பலவீனமான கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தசைகளின் பிடிமானம் இல்லாத தோள்மூட்டு எளிதில் நழுவும். அதில் வரும் வலி மாதக்கணக்கில் பயிற்சியையே தடுத்துவிடும்.

பயிற்சியின் அளவைக் குறைத்து மதிப்பிடுவது

வாரத்துக்கு இரண்டு முறை தெரபிஸ்ட் வருகிறார், அது போதும் என்று நினைக்கிறோம். கேத்தரின் லாங் தலைமையிலான குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தெரபி அமர்வுகளை நேரில் கவனித்து எண்ணினார்கள். கையால் ஒரு வேலையைச் செய்யும் பயிற்சி, ஓர் அமர்வுக்குச் சராசரியாக 32 முறைதான் நடந்திருந்தது. மூளையில் மாற்றம் காட்டிய விலங்கு ஆய்வுகளில் அதே அசைவு ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை நடந்திருக்கிறது. இடைவெளி எவ்வளவு பெரியது பாருங்கள்! தெரபிஸ்ட் வரும் நேரம் கற்றுக்கொள்ளும் நேரம். உண்மையான பயிற்சி நடக்க வேண்டியது அவர் போன பிறகு.

அதற்காக ஒரே மூச்சில் வதைக்கவும் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்கப் பரவலாக. அவருக்கு அர்த்தமுள்ள வேலையாக இருந்தால் இன்னும் நல்லது. எழுதிப் பழகியவருக்குப் பேனா, தோட்டத்தை நேசித்தவருக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. கற்றதை மூளை உறுதிப்படுத்திக்கொள்ளத் தூக்கமும் வேண்டும். இரவு முழுக்கக் குறட்டையும் மூச்சுத் திணறலுமாக இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை மட்டும் கொடுக்காதீர்கள். அந்த வகை மருந்துகளில் சில மீட்சியையே மந்தப்படுத்தக்கூடியவை.

விழுங்குவது பற்றி ஒரு வார்த்தை. விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும்வரை வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், தண்ணீரைக்கூட. இருமல் வராமலேயே நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம்.

பேச்சு வராதவரிடம்

மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்குச் சொற்கள் தொலைந்துபோகின்றன. சொல் வரவில்லை என்றால் அறிவு போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆனாலும் அவர் அருகில் இருக்கும்போதே அவரைப் பற்றி மூன்றாம் மனிதர்போல் பேசுகிறோம். சத்தமாகப் பேசுகிறோம், குழந்தையிடம் பேசுவதுபோல் இழுத்து இழுத்துப் பேசுகிறோம். அவர் ஒரு சொல்லைத் தேடும்போது நாமே முடித்து வைக்கிறோம். தேடுவதுதான் அவருடைய பயிற்சி. டிவியை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, குட்டி வாக்கியமாகக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சைகை, படம், எழுத்து எல்லாமே பேச்சுதான். பேச முடியாத சிலரால் பாட முடிகிறது, ராகத்தின் வழியே சொற்களை மீட்கும் ஸ்பீச் தெரபி முறையும் இருக்கிறது.

சோர்வைச் சோம்பேறித்தனம் என்பது

"முயற்சியே செய்ய மாட்டேன் என்கிறார்" என்ற குற்றச்சாட்டைக் கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரை மனச்சோர்வு பிடிக்கிறது. மூளையில் நேர்ந்த காயமே அதற்கு ஒரு காரணம், இழந்தவற்றை எண்ணி வரும் துக்கம் இன்னொன்று. அதுபோக, தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு பலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். இரண்டையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. வலப்பக்க மூளை பாதிக்கப்பட்ட சிலருக்கோ, இடப்பக்க உலகம் இருப்பதே கவனத்தில் பதியாது. தட்டின் இடப் பாதியை அப்படியே விட்டுவிடுவார்கள். அது பிடிவாதம் இல்லை.

அற்புத மருந்தைத் தேடுவது

ஃப்ளூக்சடின் என்ற மனச்சோர்வு மருந்தின் கதை இதற்கு நல்ல பாடம். 2011-இல் 118 பேரை வைத்து பிரான்சில் நடந்த ஆய்வில், அது கை கால் அசைவை மீட்க உதவுவதாகத் தெரிந்தது. பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. பிறகு பிரிட்டனில் 3127 பேரிடம் சோதித்தார்கள். ஆறு மாதம் கொடுத்தும் அன்றாடச் செயல்திறனில் முன்னேற்றம் இல்லை. மனச்சோர்வு வருவது குறைந்தது, எலும்பு முறிவு கூடியது. மனச்சோர்வு இருப்பவருக்கு மருத்துவர் தரலாம், மீட்சிக்கான டானிக்காக அது ஆகாது. இவ்வளவு பெரிய சோதனையைத் தாண்டாத ஊசிகளையும் ஸ்டெம் செல் சிகிச்சைகளையும் பெரும் பணத்துக்கு விற்பவர்களிடம், குடும்பத்தின் சேமிப்பைக் கொட்டிவிடாதீர்கள். அந்தப் பணம் பல மாதப் பிசியோதெரபிக்கு ஆகும்.

"ஆறு மாதம் ஆகிவிட்டது, இனி அவ்வளவுதான்"

முதல் மூன்று மாதங்களில் மீட்சி வேகமாக இருக்கும் என்பது உண்மை. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில் 72 பேருக்குக் கூடுதலாக 20 மணி நேரக் கைப்பயிற்சியை வெவ்வேறு காலங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு, மூன்று மாதத்தில் பெற்றவர்களுக்கே அதிகப் பலன். ஆறு மாதத்துக்குப் பிறகு அதே 20 மணி நேரம் பெரிதாக எதையும் மாற்றவில்லை.

அதோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மைதான் தெரியும். லண்டன் குவீன் ஸ்கொயரில் நடக்கும் ஒரு தீவிரப் பயிற்சித் திட்டத்தில், மூன்று வாரங்களில் 90 மணி நேரம் கைப்பயிற்சி தருகிறார்கள். அங்கே வந்த 224 பேரில் சுமார் பாதிப் பேருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டிருந்தது. 2019-இல் வெளியான அவர்களின் முடிவுகளில் கையின் திறன் குறிப்பிடத்தக்க அளவு கூடியது, ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. காலம் தாழ்ந்தால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது. ஆறு மாதத்தோடு எல்லாம் முடிந்தது என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

மாத்திரையை நிறுத்திவிடுவது

நடக்கத் தொடங்கியதும் பலர் செய்வது இது. பி.பி. இப்போது சரியாக இருக்கிறதே, எதற்கு மாத்திரை? மாத்திரை சாப்பிடுவதால்தான் அது சரியாக இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தும் அப்படியே, மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரம்கூட விடக் கூடாது. அமெரிக்கக் கணக்குப்படி பக்கவாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று, ஏற்கெனவே ஒருமுறை வந்தவருக்கு வருவது. முகம் ஒருபக்கம் கோணினால், கை திடீரென்று தொய்ந்தால், பேச்சு குழறினால், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கிளம்பும்போது, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் முதலில் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று.