பர்கண்டியில் ஒரு நாள்: வழிகாட்டியுடன் ஒயின் சுவைக்கும் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

பிரான்சில் ஒயின் விளையும் வட்டாரங்கள் பல இருந்தாலும், ஒரே நாளில் போய்வர வேண்டும், போனதன் பயனும் முழுமையாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது பர்கண்டியின் கோத் தோர் சரிவைத்தான். திஜோன் நகரின் தெற்கு எல்லையில் தொடங்கி, போன் நகரைக் கடந்து சாந்த்னே ஊர் வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளும் இந்தச் சரிவு, பல இடங்களில் இரண்டு கிலோமீட்டர் அகலம்கூட இல்லாதது. சிவப்பு ஒயினுக்குப் பினோ நுவார், வெள்ளை ஒயினுக்கு ஷார்தொனே என்று பெரும்பாலும் இரண்டே திராட்சை வகைகள்தான் இங்கே பயிராகின்றன. ஆனால் ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் தனிப் பெயர் உண்டு, தனி எல்லை உண்டு. 'கிளிமா' எனப்படும் இந்த நிலத்துண்டுகளை யுனெஸ்கோ 2015-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. திராட்சை அதுவேயாக இருக்க, நிலம் மாறும்போது ஒயின் எப்படி மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்த்து நாவால் அறிந்துகொள்வதே இங்கே செல்வதன் நோக்கம். பயணத்தைப் பற்றிய எல்லா முடிவுகளையும் இந்த நோக்கத்தை மனத்தில் வைத்தே எடுக்க வேண்டும்.

பாரிஸின் கார் த லியோன் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் திஜோனுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அதிகாலையில் புறப்பட்டால் இரவே பாரிஸ் திரும்பிவிடலாம் என்றாலும், முதல் நாள் இரவே திஜோனிலோ போனிலோ தங்கிவிடுவது நல்லது, ஏனெனில் பயணக் களைப்போடு ஒயினின் மணத்தைப் பிரித்தறிவது கடினம். வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்டும் எண்ணத்தைக் கைவிடுங்கள். பிரான்சில் ஓட்டுநரின் ஒரு லிட்டர் இரத்தத்தில் அனுமதிக்கப்படும் ஆல்கஹால் அளவு 0.5 கிராமுக்குக் கீழ்தான். புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு அதுவும் 0.2 கிராம்தான். வழிகாட்டியே வண்டியை ஓட்டும் சிறுகுழுப் பயணங்கள் இரு நகரங்களிலிருந்தும் கிடைக்கின்றன. ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது பேர் அமரும் வேன்தான் பெரும்பாலும் வரும்.

முன்பதிவு செய்வதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் சில கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். எத்தனை இடங்களில் சுவைக்க வைப்பார்கள், அவற்றுள் எத்தனை தாமே திராட்சை பயிரிட்டு ஒயின் தயாரிக்கும் குடும்பங்களுடையவை, எத்தனை வெறும் விற்பனைக் கூடங்கள் என்று விசாரியுங்கள். வழிகாட்டி உங்களைத் தோட்டத்துக்குள் நடக்க அழைத்துச் செல்வாரா, அல்லது வண்டிக் கண்ணாடி வழியாகவே சுட்டிக்காட்டிவிட்டுப் போவாரா என்பது எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி. சுவைக்கும் கட்டணமும் மதிய உணவும் விலையில் அடங்கியவையா என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஒயினைச் சேமித்துவைக்கும் ஐந்தாறு நிலவறைகள் என்று விளம்பரம் செய்யும் பயணங்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மூன்று இடங்கள் போதும். அதற்கு மேல் நாக்கும் மூக்கும் ஒத்துழைப்பதில்லை.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. ஞாயிற்றுக்கிழமைகளில் பல சிறு தயாரிப்பாளர்கள் கதவைத் திறப்பதில்லை. ஆகஸ்ட் மாதத்தில் விடுமுறைக்குச் சென்றுவிடுவோரும் உண்டு. அறுவடை பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ நடக்கும். அப்போது தோட்டங்கள் ஆட்களால் நிறைந்திருப்பது பார்க்க அழகுதான், ஆனால் விருந்தினரோடு அமர்ந்து பேசத் தயாரிப்பாளருக்கு நேரம் இராது. நவம்பர் மூன்றாம் ஞாயிறன்று போன் நகரின் பழைய மருத்துவமனையான ஓஸ்பீஸ் த போனின் ஒயின் ஏலம் நடப்பதால் அந்த வாரம் அறை கிடைப்பதே அரிது. கொடிகள் பூக்கும் ஜூன் மாதமும், இலைகள் பொன்னிறமாகும் அக்டோபரும் என் தேர்வு.

புறப்படும் நாளன்று வாசனைத் திரவியம் பூச வேண்டாம். உங்கள் மூக்கை மட்டுமல்ல, அருகில் நிற்பவரின் மூக்கையும் அது கெடுத்துவிடும். கோடையிலும் நிலவறைக்குள் குளிராகவே இருக்கும் என்பதால் ஒரு ஸ்வெட்டரும், மண்ணில் நடக்கத் தகுந்த காலணியும் தேவை. காலை உணவைத் தவிர்க்காதீர்கள்.

காலையில் திஜோனிலிருந்து தெற்கே, சரிவின் வடபாதியான கோத் த நுயி பகுதி வழியாகச் செல்லும் பயணமே பொருளை விளங்கிக்கொள்ளச் சிறந்தது. முதலில் ஜெவ்ரே ஷாம்பெர்தான் கிராமத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, சரிவைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். சாலையோரத் தாழ்நிலத்தில் களிமண் ஆழமாக இருக்கும், நீர் தேங்கும். அங்கே விளைவது எளிய ஒயின். காட்டை ஒட்டிய உச்சியில் மண் மெல்லியது, குளிரும் அதிகம். சுண்ணாம்புக்கல்லும் களியும் கலந்து, நீர் வடிந்து, காலை வெயில் நேராக விழும் நடுச்சரிவில்தான் 'கிரான் க்ரூ' எனப்படும் தலைசிறந்த நிலங்கள் அமைந்திருக்கின்றன. அவற்றுக்கு அடுத்த நிலை 'பிரெமியே க்ரூ', அதற்கடுத்தது கிராமப் பெயரில் வரும் ஒயின், கடைசியாக வட்டாரப் பெயரில் வருவது. பர்கண்டியில் கிரான் க்ரூ நிலங்கள் 33 மட்டுமே. மொத்த ஒயினில் அவற்றின் பங்கு ஏறத்தாழ ஒரு சதவீதம். பெயர்களில் ஏமாந்துவிடக் கூடாது: ஜெவ்ரே கிராமம் தன் புகழ்பெற்ற நிலமான ஷாம்பெர்தானின் பெயரை 1847-இல் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஆகவே குப்பியில் ஜெவ்ரே ஷாம்பெர்தான் என்று மட்டும் இருந்தால் அது கிராம ஒயின். ஷாம்பெர்தான் என்று தனித்து இருந்தால் அது கிரான் க்ரூ.

அடுத்து வரும் குளோ த வூஜோ தோட்டத்தைச் சிஸ்டர்சியன் என்னும் கிறித்தவச் சபையின் துறவிகள் மதில் எழுப்பி வளர்த்தார்கள். ஏறத்தாழ 50 ஹெக்டேர் கொண்ட அந்தத் தோட்டம் இன்று எண்பது பேர் அளவுக்கு உரிமையாளர்களிடம் பிரிந்து கிடக்கிறது. மதிலுக்குள் உள்ள எல்லாமே கிரான் க்ரூ என்றாலும், மேட்டுப் பகுதியும் சாலையோரத் தாழ்பகுதியும் ஒரே தரமுடையவை அல்ல. பர்கண்டியில் நிலத்தின் பெயருக்கு அடுத்தபடியாகத் தயாரிப்பாளரின் பெயரையும் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

வோன் ரொமானே கிராமத்தில் சற்று நேரம் நில்லுங்கள். உலகின் மிக விலையுயர்ந்த ஒயின்களுள் ஒன்றைத் தரும் ரொமானே கொன்ட்டி வெறும் 1.8 ஹெக்டேர் நிலம். தாழ்ந்த கல் மதில், அதன்மேல் ஒரு கற்சிலுவை, பார்வையாளர்கள் சாலையிலேயே நிற்கும்படி பணிவோடு கேட்கும் ஒரு பலகை, அவ்வளவே. கொடிகள் இடுப்பளவுதான், வரிசைகள் ஒரு மீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்பதால், வரிசைகளுக்கு இடைப்பட்ட இடத்தில் சக்கரங்களை ஓட்டியபடி கொடிகளுக்கு மேலாகவே செல்லும் நெட்டையான டிராக்டர்களைப் பார்க்கலாம். அனுமதியின்றி மதிலைத் தாண்டுவதும் பழத்தைப் பறிப்பதும் எங்குமே கூடாது.

சுவைக்கும் மேசைக்கு வந்ததும் அவசரப்படாதீர்கள். கிண்ணத்தை அதன் தண்டில் பிடித்து, வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து நிறத்தைப் பாருங்கள். பினோ நுவார் இயல்பாகவே வெளிர்ந்தது என்பதால் நிறம் குறைவாக இருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம். சுழற்றாமல் ஒருமுறை முகர்ந்து, பிறகு சுழற்றி மீண்டும் முகருங்கள். இளம் ஒயினில் செர்ரி போன்ற பழ மணமும், முதிர்ந்ததில் காளானும் ஈர இலைச்சருகும் தெரியும். ஒரு வாய் எடுத்து, சிறிது காற்றை உள்ளிழுத்து, நாக்கெங்கும் பரவ விட்டு, புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு எவ்வளவு என்று கவனியுங்கள். நாவற்பழம் தின்றபின் நாக்கு வறண்டு இழுப்பதைப் போன்ற அந்தத் துவர்ப்பு மென்மையாக இருக்கிறதா, கரடுமுரடாக இருக்கிறதா என்பதே முக்கியம். பிறகு அருகில் வைத்திருக்கும் படிக்கத்தில் துப்பிவிடுங்கள். அது அவமரியாதை அல்ல. தயாரிப்பாளரே அப்படித்தான் செய்வார். துப்பிய பின் சுவை எத்தனை நொடிகள் நிற்கிறது என்பதை மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள்.

இங்கேதான் நோக்கத்தை நினைவில் கொள்ள வேண்டும். வெவ்வேறு ஆண்டுகளின் ஒயின்களைக் கலந்து கேட்காமல், ஒரே தயாரிப்பாளர் ஒரே ஆண்டில் செய்த கிராம ஒயினையும் பிரெமியே க்ரூவையும் அடுத்தடுத்து ஊற்றும்படி கேளுங்கள். அப்போதுதான் நிலத்தின் வேறுபாடு மட்டும் தனியாகத் தெரியும். அதன் பிறகு ஆண்டைப் பற்றிப் பேசலாம்; 2021 ஏப்ரலில் உறைபனி மொட்டுகளைக் கருக்கி விளைச்சலை வெகுவாகக் குறைத்ததை எந்தத் தயாரிப்பாளரும் மறந்திருக்க மாட்டார்.

மதிய உணவை நுயி சேன் ஜோர்ஜ் ஊரில் வைத்துக்கொள்ளலாம். சைவ உணவு உண்பவர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இவ்வட்டார உணவு மாட்டிறைச்சியையும் முட்டையையும் சார்ந்தது. ஒயினோடு தரும் கூஜேர் என்னும் பாலாடைக்கட்டிப் பண்டத்திலும் முட்டை உண்டு. சிவப்பு ஒயினை முட்டை வெண்கருவால் தெளியவைக்கும் மரபும் இங்கே இருப்பதால், கண்டிப்பான சைவர்கள் அதையும் கேட்டுக்கொள்ளலாம்.

பிற்பகலில் போன் நகரில் 1443-இல் பர்கண்டி கோமகனின் தலைமை அமைச்சர் நிக்கொலா ரொலான் நிறுவிய ஓஸ்பீஸ் த போன் மருத்துவமனையின் வண்ண ஓட்டுக் கூரையைப் பார்த்துவிட்டு, மெர்சோ கிராமத்தில் வெள்ளை ஒயினோடு சுவைத்தலை முடித்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் செலுத்திச் சுவைத்த இடத்தில் வாங்க வேண்டிய கட்டாயமில்லை. ஒரு குடும்பம் கட்டணமின்றித் தன் நிலவறையைத் திறந்து ஊற்றித் தந்திருந்தால் ஒரு குப்பியாவது வாங்குவது மரியாதை. கோடையில் வாங்கிய குப்பிகளை வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுச் செல்லாதீர்கள். விமானத்தில் அவற்றைத் துணிகளுக்கிடையே சுற்றிப் பதிவுப் பெட்டியில் வைக்க வேண்டும். இந்தியா திரும்புவோர் தலைக்கு 2 லிட்டர் வரை சுங்கவரியின்றிக் கொண்டுவரலாம் என்பதால், முக்கால் லிட்டர்க் குப்பிகள் இரண்டோடு நிறுத்திக்கொள்வது வசதியானது.