டேங்க் கசிவு: கெட்டுப்போன மண்ணுக்கு 'சுத்தம்' சான்றிதழ் வாங்கித் தரும் தவறுகள்

பெட்ரோல் பங்க்கில் டேங்க் கசிகிறதா என்று சந்தேகம் வந்து, மண்ணைத் தோண்டி லேப்புக்கு அனுப்பி, 'கண்டறியப்படவில்லை' என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. மண் உண்மையிலேயே சுத்தமா, மாதிரி எடுத்த லட்சணம் அப்படியா என்று யாரும் கேட்பதில்லை. இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே பக்கம்தான் சாயும்: கெட்ட மண்ணை நல்ல மண்ணாகக் காட்டும்.

தோண்டுவதற்கு முன் டிப் ரெஜிஸ்டரைப் புரட்டாமல் விடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தினமும் அளந்த இருப்பையும் விற்பனைக் கணக்கையும் மாதக்கணக்கில் வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்த டேங்க், எப்போதிலிருந்து என்று ஓரளவு பிடிபடும். அதற்காக ஒரு நாள் குறைவைப் பார்த்துக் கசிவு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் பெட்ரோல் சுமார் 0.1 சதவீதம் சுருங்கும். வெயிலில் வந்த லாரி இறக்கிய 10,000 லிட்டர், தரைக்கடியில் 5 டிகிரி குளிர்ந்தாலே 50 லிட்டர் 'காணாமல்' போகும். நாள் தவறாமல் குறைந்துகொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும். தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பேஸ்ட்டை அளவுகோலில் தடவி, டேங்க் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்த பதிவையும் கேட்டு வாங்குங்கள். நிலத்தடி நீர் ஏறும் மழைக்காலத்தில் ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே வரலாம். ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் கரைத்து மறைத்துவிடும், அதனால் பேஸ்ட்டை மட்டும் நம்ப முடியாது.

அடுத்தது, டேங்க்கை ஒட்டி மட்டும் தோண்டுவது. பல நேரம் டேங்க் நன்றாக இருக்கும். குழாய் இணைப்பு, பம்ப்புக்கு அடியில் உள்ள பொருத்து, லாரியிலிருந்து இறக்கும் வாய் இவற்றில்தான் ஒழுகும். சென்னை தண்டையார்பேட்டையில் 2013-இல் வீட்டு போர்வெல்களில் எண்ணெய் வந்த விவகாரத்தில் குற்றம் சாட்டப்பட்டதும் டேங்க் அல்ல, தரைக்கடியில் போன எரிபொருள் குழாய். இன்னொன்று, டேங்க்கைச் சுற்றி நிரப்பியிருப்பது மணல். சிந்தியது அதில் விறுவிறுவென்று இறங்கி, கேபிள் பள்ளம், சாக்கடைப் பள்ளம் என்று இளகிய மண் கிடைக்கும் பக்கமெல்லாம் ஓடும். பள்ளங்கள் எங்கே போகின்றன என்று வரைபடம் வாங்காமல் துளையிடும் இடத்தைக் குறிப்பது குருட்டாம்போக்கு.

மாதிரி எடுக்கும் விதத்தில்தான் பெரிய தவறு. பெட்ரோலில் உள்ள பென்சீன், டொலுவீன் போன்றவை காற்றோடு போகிறவை. மே மாத வெயிலில் மண்ணைத் தார்ப்பாயில் கொட்டி, நாலு இடத்து மண்ணைக் கலந்து, 'சராசரி மாதிரி' என்று பிளாஸ்டிக் கவரில் கட்டினால் லேப்புக்குப் போவது வெறும் மண். விவசாய மண் பரிசோதனைக்கு அந்தக் கலவை சரி, இங்கே சரிப்படாது. கள மீட்டரில் ஆவி பார்ப்பதற்காக ஜிப் கவரில் போட்டுக் குலுக்கிய அதே மண்ணை லேப்புக்கும் அனுப்புகிறவர்கள் உண்டு. ஆவி போனது போனதுதான். துளையிலிருந்து மண் வெளியே வந்த உடனே, முனை வெட்டிய சிரிஞ்சால் சுமார் 5 கிராம் குத்தி எடுத்து, மெத்தனால் ஊற்றிய 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி, ஐஸ் பெட்டியில் 4 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்து அனுப்ப வேண்டும். மீட்டருக்குத் தனி மண். அந்த மீட்டரும் டீசல் விஷயத்தில் அவ்வளவு உதவாது, டீசல் அத்தனை சீக்கிரம் ஆவியாகாது.

லேப்பில், எண்ணெய்ப் பசையைப் பொத்தாம்பொதுவாக அளக்கும் 'ஆயில் அண்ட் கிரீஸ்' சோதனையை மட்டும் செய்யச் சொல்வது இன்னொரு சேட்டை. பெட்ரோல் என்றால் பென்சீன் வகையறா, பெட்ரோலில் கலக்கும் எம்.டி.பி.இ. என்ற சேர்மம் இரண்டும் வேண்டும், டீசல் என்றால் மொத்த ஹைட்ரோகார்பன், நாப்தலீன். ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற, 2000-க்கு முந்தைய பழைய பங்க் என்றால் ஈயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்.டி.பி.இ. தண்ணீரில் நன்றாகக் கரைந்து வெகுதூரம் போகும். அமெரிக்காவின் சாண்டா மோனிகா நகரம் 1996-இல் குடிநீர்க் கிணறுகளை மூட வேண்டி வந்தது இதனால்தான். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். லேப்பின் கருவி 0.05-க்குக் கீழே பார்க்கவே முடியாது என்றால் 'கண்டறியப்படவில்லை' என்பதற்கு என்ன அர்த்தம்? கருவி எந்த அளவு வரை பார்க்கும் என்பதை முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

மண்ணோடு நிறுத்திவிடுவதும் நடக்கிறது. பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதக்கும். நிலத்தடி நீரைச் சோதிக்கப் போடும் கண்காணிப்புக் கிணற்றின், நீர் உள்ளே வரத் துளைகள் உள்ள சல்லடைக் குழாயை நீர்மட்டத்துக்குக் கீழே முழுக்க இறக்கிவிட்டால் மிதக்கும் படலம் கிணற்றுக்குள் வராது. சல்லடை நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் இருக்க வேண்டும், அதுவும் மே மாத மட்டத்தையும் டிசம்பர் மட்டத்தையும் கணக்கில் வைத்து. நீரோட்டத் திசை தெரிய குறைந்தது மூன்று கிணறு, ஒரே நேர்கோட்டில் இல்லாமல். நீரோட்டம் வரும் மேட்டுப் பக்கம் ஒரு கிணறு இல்லாவிட்டால், பக்கத்து மெக்கானிக் ஷாப்பின் எண்ணெய் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. அவசரத்தில் களிமண் அடுக்கைக் குத்தித் துளைத்து மேலே இருந்த பெட்ரோலைக் கீழ் ஊற்றுக்கு நாமே வழியனுப்பி வைத்தால் அதைவிடக் கொடுமை இல்லை. களிமண் தட்டியதும் நிறுத்தி, மேல் பகுதியை உறைக்குழாய் போட்டு அடைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு இறங்க வேண்டும்.

கடைசியாக, ஆவி. மண், தண்ணீர் என்று அலைந்து சாக்கடையையும் அடித்தளத்தையும் மறந்துவிடுகிறார்கள். மெக்சிகோவின் குவாதலஹாராவில் 22 ஏப்ரல் 1992 அன்று சாக்கடைக்குள் சேர்ந்த பெட்ரோல் வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய் ஒட்டிக் கிடந்ததில் அரித்துப்போன பெட்ரோல் குழாய்தான் காரணம். வாசனை வருகிறது என்று மக்கள் சில நாட்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். காற்றில் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி இருந்தாலே தீப்பொறிக்குப் போதும். ஆகவே வாசனைப் புகார் வந்தால் மண் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே எரிவாயு மீட்டரோடு மேன்ஹோல், அடித்தளம், லிஃப்ட் குழி எல்லாவற்றையும் பாருங்கள். அளவு ஏறியிருந்தால் சுவிட்சில் கை வைக்காமல் ஆட்களை வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.