ஜேர்மனிக்குப் படிக்கப் புறப்படுமுன்

மட்டக்களப்பிலிருந்து ஜேர்மனிக்கு மேற்படிப்புக்குச் செல்ல விரும்பும் மாணவர்கள், அங்குள்ள அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கற்பித்தல் கட்டணம் அறவிடுவதில்லை என்பதை மட்டும் நம்பிப் புறப்பட்டுவிடக் கூடாது. பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் அரையாண்டுக்கு 1500 யூரோ அறவிடுகிறது. அதைவிடப் பெரிய சுமை, விசாவுக்காக ஓராண்டுச் செலவுப் பணத்தை, மாதந்தோறும் ஒரு பங்கை மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் முன்கூட்டியே வைப்பிலிடுவதாகும். 2024 செப்டெம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. காணியை ஈடுவைத்துப் பணம் திரட்டும் குடும்பங்கள் இதை முதலிலேயே கணக்கிட வேண்டும். பகுதிநேர வேலை பொதுவாக ஆண்டுக்கு 140 முழு நாட்களுக்கே அனுமதிக்கப்படுவதால், அந்த வருமானத்தை நம்பிக் கடன்படுவது புத்தியல்ல. மருத்துவக் காப்புறுதி கட்டாயம். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். மார்கழிக் குளிருக்கே போர்த்துப் பழகிய நம்மவர்கள், தடித்த கம்பளி உடையை இங்கே தேடி அலையாமல் அங்கு சென்று வாங்குவதே மேல்.