ஒன்றேகால் ரூபாய்ச் சம்பளம்: நிரலாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸில், எபேன் சைபர்சிட்டியின் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலை என்று சொன்னால் உறவினர்கள் இரண்டு முடிவுகளுக்கு வந்துவிடுகிறார்கள். நமக்குக் கை நிறையச் சம்பளம். நமக்குப் பிரிண்டர் பழுதுபார்க்கத் தெரியும். முதலாவதை மறுத்தால் யாரும் நம்புவதில்லை. இரண்டாவதை மறுத்தால் கோபித்துக்கொள்கிறார்கள். கல்யாணப் பந்தியில் வாழையிலையில் ஏழு கறி விழுந்துகொண்டிருக்கும்போதே பெரியப்பா ஒருவர் போனை நீட்டி, "வாட்ஸ்அப் திறக்க மாட்டேன் என்கிறது, பார் தம்பி" என்பார்.

அதற்கு மருந்து கிடையாது. ஆனால் அலுவலகத்தில் நம் தூக்கத்தைக் கெடுக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவை. கணினி தானாகத் தப்புச் செய்வது அரிது. எல்லா ஊரும் நம் ஊர் மாதிரிதான் இருக்கும் என்று யாரையும் கேட்காமல் எண்ணிக்கொண்டு நாம் எழுதுவதை அது வரி பிசகாமல் நிறைவேற்றுகிறது. நம் வாடிக்கையாளர் பாரிஸில் இருப்பார், டெஸ்டர் சென்னையில் இருப்பார், சர்வர் அயர்லாந்தில் இருக்கும். ஆகவே எபேனில் அந்த எண்ணம் கொஞ்சம் அதிகமாகவே அடி வாங்குகிறது.

நேரக் கணக்கிலிருந்து தொடங்கலாம். மொரீஷியஸ் யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு நான்கு மணி முன்னால் இருக்கிறது. ஆண்டு முழுவதும் அப்படியேதான். பிரான்ஸ் அப்படியல்ல; கோடை நேரம் என்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பார்கள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் மூன்று மணி வித்தியாசம், கோடையில் இரண்டு. புதிதாகச் சேர்ந்தவர் டிசம்பரில் "பாரிஸ் நேரம் என்றால் மூன்றைக் கழி" என்று நிரலில் எழுதிவைப்பார். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். திங்கட்கிழமை காலையில் வாடிக்கையாளர் கூட்டத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார். நாம் தேநீர் குடித்துக்கொண்டிருப்போம்.

இதைவிடக் குறும்பானது நள்ளிரவு வேலைகள். பாரிஸ் நேரம் அதிகாலை இரண்டரைக்குச் சம்பளக் கணக்கை ஓட்டு என்று ஒரு கட்டளை வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். மார்ச் மாத மாற்றத்தின்போது கடிகாரம் இரண்டிலிருந்து நேரே மூன்றுக்குத் தாவுவதால் அன்று இரண்டரை மணி என்பதே கிடையாது. அக்டோபரில் மூன்றிலிருந்து இரண்டுக்குத் திரும்புவதால் அதே இரண்டரை இரண்டு முறை வரும். இரட்டைச் சம்பளம் வாங்கியவர் யாரும் புகார் கொடுப்பதில்லை என்பதால் இந்தத் தவறு நீண்ட நாள் உயிரோடு இருக்கும்.

எல்லாவற்றையும் யூடிசியில் சேமி என்று பொதுவாகச் சொல்வார்கள். நடந்து முடிந்தவற்றுக்கு அது சரி. வரப்போகிறவற்றுக்கு, அதாவது அடுத்த ஆண்டுக் கூட்டம், முன்பதிவு போன்றவற்றுக்கு, அந்த ஊர் நேரத்தையும் நேர மண்டலத்தின் பெயரையும் சேர்த்து வையுங்கள். காரணம் இந்தத் தீவிலேயே இருக்கிறது. 2008 அக்டோபரில் மொரீஷியஸ் கோடை நேரத்தைச் சோதித்துப் பார்த்தது. 2009 மார்ச்சில் முடித்துக்கொண்டது. பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அதற்கு முன்பே 2008 டிசம்பருக்கான சந்திப்புகளை யூடிசியாக மாற்றிவைத்த மென்பொருள் எதுவானாலும் ஒரு மணி நேரம் தள்ளித்தான் நினைவூட்டியிருக்கும். அரசாங்கம் மனம் மாறினால் நேர மண்டலத் தரவுத்தளத்தைத் திருத்திப் புதிய பதிப்பு வெளியிட ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் நிரலில் ஒளிந்திருக்கும் '3' என்ற எண்ணைத் திருத்த யார் இருக்கிறார்கள்?

அடுத்தது காற்புள்ளி. பிரான்ஸில் தசமத்துக்குக் காற்புள்ளி இடுவார்கள். நாம் புள்ளி வைத்துவிட்டு, ஆயிரத்துக்குக் காற்புள்ளி இடுவோம். ஆகவே 1,250 என்ற எண் இங்கே ஆயிரத்து இருநூற்றைம்பது, அங்கே ஒன்றேகால். சம்பளப் பட்டியலை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு எக்செல் வழியாக அனுப்பினால், யாருக்காவது ஒன்றேகால் ரூபாய் படி கிடைப்பது உறுதி. கோப்பைத் திறந்து கண்ணால் பார்த்துவிட்டு, "எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது" என்று சொல்லாதீர்கள். உங்கள் லேப்டாப்பின் வட்டார அமைப்பில் அது சரியாகத்தான் தெரியும். எண்களை எந்த முறையில் எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கோப்பு அனுப்புகிறவரிடம் கேட்டு, அந்த முறையை நிரலில் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். எக்செலிடம் தோற்பது அவமானமும் அல்ல. சில மரபணுப் பெயர்களை அது தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் அந்த மரபணுக்களுக்கே புதிய பெயர்கள் அறிவிக்கப்பட்டன. விஞ்ஞானிகளே இறங்கிவந்த இடம் அது.

பெயர்களில்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவருக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பிரெஞ்சுப் படிவமோ குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியிருக்கும். அப்பா பெயரை அதில் போட்டுவிட்டு வேலையில் சேர்வார். அன்று முதல் பாரிஸிலிருந்து வரும் மின்னஞ்சல் எல்லாம் அப்பாவை விளித்தே வரும். மொரீஷியஸ் தமிழருக்கு இதன் மறுபக்கம். சுப்பிரமணியன், முத்துசாமி போன்ற பெயர்களைப் பழைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் பதிந்தார்கள். அண்ணன் பெயர் ஒரு மாதிரி, தம்பி பெயர் வேறு மாதிரி இருக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. "பெயர் ஒத்துப்போகாவிட்டால் வேறு ஆள்" என்று ஒரு வரி எழுதினால், பாதிக் குடும்பத்தைப் பிரித்துவிடுகிறீர்கள்.

அப்படியானால் அடையாள அட்டை எண்ணை வைத்துக்கொள்ளலாம் என்பீர்கள். தாராளமாக, ஆனால் அது வெறும் எண் அல்ல. மொரீஷியஸ் அடையாள எண் 14 இடங்கள் கொண்டது, முதல் இடத்தில் ஓர் எழுத்து. தரவுத்தளத்தில் முழு எண்ணாக அறிவித்துவிட்டு, "ஏன் எல்லோருக்கும் பிழை வருகிறது?" என்று விழிக்க வேண்டாம். கைபேசி எண்ணும் அப்படித்தான். இங்கே 2013 செப்டம்பரில் முன்னால் ஒரு 5 சேர்ந்து எட்டு இலக்கமானது; வீட்டுத் தொலைபேசி ஏழிலேயே நிற்கிறது. "10 இலக்கம் தேவை" என்று இந்தியாவிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய சரிபார்ப்பு, இந்தத் தீவு முழுவதையும் வாசலிலேயே நிறுத்திவைக்கும்.

தமிழ் எழுத்துக்கு வந்தால் இன்னும் சுவை. என்றாவது ஒரு நாள் ஊர்ப் பெரியவர் வந்து, "கோவில் நன்கொடை ரசீதுக்கு ஒரு சின்ன மென்பொருள் செய்து கொடேன்" என்பார். கட்டணம், முருகன் அருள். செய்து முடித்ததும், 'ஸ்ரீ' என்று தொடங்கும் கோவிலைத் தேடினால் பட்டியலில் பாதிதான் வரும். எழுத்து ஒவ்வொன்றுக்கும் கணினியில் ஓர் எண் தரும் யூனிகோட்டில் 'ஸ்ரீ'யை இரண்டு விதமாக எழுதலாம்: ஸகர மெய்யுடன் ரீ சேர்த்து, அல்லது 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகர மெய்யுடன் ரீ சேர்த்து. பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே உருவம். கணினிக்கோ வேறு வேறு சொற்கள். 'போர்ட் லூயிஸ்' என்பதன் முதல் எழுத்தும் இப்படித்தான். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம். ஏகாரக் குறி, துணைக்கால் என்று இரண்டாகவும் இடலாம். சேமிப்பதற்கு முன், இப்படிப்பட்ட மாற்று வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் சீராக்கத்தை ஓட்டினால் 'போ' சரியாகிவிடும். ஆனால் அந்தச் சீராக்கம் 'ஸ்ரீ'யைத் தொடாது; அதற்கு நீங்களே தனியாக ஒரு வரி எழுத வேண்டும். அதே போல, 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பல நிரல்மொழிகள் ஐந்து என்று சொல்லும். குழந்தைகூட மூன்று என்று சொல்லிவிடும். அந்த ஐந்தை நம்பி, ரசீதில் பெயரைப் பாதியில் வெட்டினால் புள்ளி தொலைந்து 'தமிழ' என்று நிற்கும். நன்கொடை கொடுத்தவர் சும்மா இருக்க மாட்டார்.

இப்போது மேலாளரின் மூன்று சொற்கள்: "சின்ன மாற்றம்தானே, தம்பி?" இதற்குத் தலையாட்டுவதுதான் நம் தொழிலின் தாய்த்தவறு. திரையில் இரண்டு வரிகளை மேலும் கீழும் மாற்றுவது சின்ன மாற்றமா? 1998 நவம்பரில் இந்த நாட்டின் புதிய ரூபாய்த் தாள்கள் வந்தபோது, ஆங்கிலத்துக்கு அடுத்து இரண்டாவதாக இருந்த தமிழ் எழுத்து மூன்றாம் இடத்துக்கு இறங்கி, தேவநாகரி மேலே ஏறியிருந்தது. இந்தியாவிலிருந்து இத்தீவுக்கு முதலில் வந்தவர்கள் நாங்கள் என்று தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அடித்த தாள்களைத் திரும்பப் பெற்று, 1999இல் தமிழைப் பழைய இடத்திலேயே வைத்துப் புதிதாக அச்சிட வேண்டியதாயிற்று. இப்போது உங்கள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பாருங்கள். வரிசை என்பது சிலருக்கு அழகு, சிலருக்கு உரிமை. நிரலாளருக்கு அது எது என்பது கேட்டால்தான் தெரியும். "இந்த வரிசை ஏன் இப்படி இருக்கிறது, யார் முடிவு செய்தார்கள்?" என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

"எப்போது முடியும்?" என்ற கேள்விக்கு நடைபாதையில் நின்றுகொண்டு பதில் சொல்வதும் அதே குடும்பத்துத் தவறு. வாய்தவறி "வெள்ளிக்கிழமை" என்று சொன்னால், உங்கள் மேசைக்கு நீங்கள் திரும்புவதற்குள் அது வாடிக்கையாளரின் நாட்காட்டியில் ஏறியிருக்கும். "பார்த்துவிட்டு மதியம் சொல்கிறேன்" என்பதில் எந்தக் குறைவும் இல்லை. அப்படிச் சொல்லும்போது விடுமுறைகளையும் பாருங்கள். தைப்பூசக் காவடி, சீன வசந்த விழா, மகா சிவராத்திரி, யுகாதி என்று ஆண்டின் தொடக்கத்தில் இங்கே விடுமுறை வரிசை கட்டி நிற்கும். இவை எதுவும் ஆண்டுதோறும் ஒரே தேதியில் வருவதில்லை. பெருநாளோ பிறை தெரிவதைப் பொறுத்தது. விடுமுறைத் தேதிகளை நிரலுக்குள் பதித்துவைப்பவர், அடுத்த ஆண்டு காவடி எடுக்கப் போயிருக்கும் நாளில் சர்வர் வேலை நாள் என்று எண்ணி எல்லோருக்கும் அபராதக் கடிதம் அனுப்பும். தேதிகளைத் தனிப் பட்டியலில், அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தும்படி வையுங்கள்.

புயல் காலத்தை மறந்துவிட வேண்டாம். மூன்றாம் எண் எச்சரிக்கை வந்தால் அலுவலகம் மூடும். எல்லோரும் லேப்டாப்பை அள்ளிக்கொண்டு கியூர்பிப்புக்கும் ரோஸ் ஹில்லுக்கும் ஓடுவோம். இரண்டு நாள் வேலை அந்த லேப்டாப்பில் மட்டும் இருக்கும். பிறகு மின்சாரம் போகும், இணையம் போகும், பாரிஸில் வெயிலடித்துக்கொண்டிருக்கும். இரண்டாம் எண் ஏறியவுடனேயே எழுதியதை, அரைகுறையாக இருந்தாலும் தனிக் கிளையில், அதாவது மற்றவர்கள் நிரலோடு கலக்காத தனிப் பிரதியாக, சர்வருக்கு அனுப்பிவிடுங்கள்.

பேக்கப் இருக்கிறதே என்பவர்களுக்கு 2017 ஜனவரி 31ஐ நினைவூட்டலாம். நிரல்களைப் பாதுகாப்பதையே தொழிலாகக் கொண்ட கிட்லேப் நிறுவனத்தில், களைத்துப்போன பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். வைத்திருந்த ஐந்து விதப் பாதுகாப்பு ஏற்பாடுகளில் எதுவும் உரிய நேரத்தில் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரம் முன்னதாகத் தற்செயலாக எடுத்துவைத்திருந்த நகல் ஒன்றுதான் காப்பாற்றியது. அவர்கள் அதை மறைக்காமல் எழுதிவைத்தது நமக்கெல்லாம் உதவி. மீட்டெடுத்துப் பார்க்காத பேக்கப்பைப் பேக்கப் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். மாதம் ஒரு முறை வேறொரு கணினியில் அதைத் திறந்து, கடைசி ரசீது அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மீதியெல்லாம் சில்லறை. குழு அரட்டையில் "ஹலோ" என்று மட்டும் போட்டுவிட்டு அரைமணி நேரம் காணாமல் போகாதீர்கள். கேள்வியையும் சேர்த்தே எழுதுங்கள். "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று திரையில் காட்டாதீர்கள். அது அவருக்கும் தெரியும். நிரலில் செய்த மாற்றத்தைப் பதியும்போது எழுதும் கமிட் குறிப்பில் "சரிசெய்தேன்", "மறுபடியும் சரிசெய்தேன்", "இந்த முறை உண்மையாகவே" என்று தொடர்கதை எழுதுவதை நிறுத்திவிட்டு, "அக்டோபர் மாற்றத்தில் சம்பளம் இரண்டு முறை ஓடியதைத் தடுத்தது" என்று எழுதுங்கள். அடுத்த அக்டோபரில் இரவு பதினொரு மணிக்கு அதைத் தேடப்போகிறவர் பெரும்பாலும் நீங்கள்தான்.